விமானியின் தலையில் கட்டப்படும் பழி

சென்ற மாதம் கொழும்பில் ஒரு திருமண வரவேற்புக்குச் சென்றிருந்தேன். கனடாவிலிருந்து வந்திருந்த பழைய நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற பொறியியலாளர், எனக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்தார். நாற்பது ஆண்டு காலக் கதைகளைப் பேசி முடித்து, வழக்கம்போல் விமானங்களில் வந்து நின்றோம். சிறுவயதில் இருவருமே பலாலி வேலியோரம் நின்று எயார் சிலோனின் அவ்ரோ விமானம் இறங்குவதைப் பார்த்தவர்கள். அதன் இரண்டு றோல்ஸ் றொய்ஸ் டார்ட் இயந்திரங்களும் எழுப்பும் காதைத் துளைக்கும் கீச்சொலியை வைத்தே, விமானம் கண்ணுக்குத் தெரியுமுன் "வருகுது" என்று சொல்லிவிடுவோம். அந்தப் பைத்தியம் இருவருக்கும் இன்னும் தெளியவில்லை.

நண்பர் சொன்னார்: "ஐசே, அந்த மக்ஸ் நல்ல பிளேன். ஓடத் தெரியாதவங்கள் ஓடி விழுத்திப்போட்டு கொம்பனியைக் குறை சொல்லுறாங்கள். அமெரிக்கன் பைலற் எண்டால் விழுந்திருக்காது."

எனக்குக் கோபம் வந்தது. கல்யாண வீட்டில் சண்டை பிடிக்கலாகாது என்பதற்காக ஐஸ்கிறீமைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால், அந்தக் கோபத்தில் பாதி என்மீதே எனக்கு உள்ள கோபம் என்பதை வீடு வரும் வழியில் உணர்ந்தேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையாகாது.

1978 நவம்பர் 15 ஆம் திகதி இரவு, ஜித்தாவிலிருந்து இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு சுரபாயா நோக்கிச் சென்ற ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டி.சி.8 விமானம், இடைத்தங்கலுக்காகக் கட்டுநாயக்காவில் இறங்க முற்பட்டபோது, ஓடுபாதைக்கு முன்னால் தென்னந்தோட்டம் ஒன்றில் விழுந்தது. விமானத்திலிருந்த 262 பேரில் 183 பேர் மாண்டனர். நான் அப்போது பத்திரிகைத் தொழிலுக்கு வந்து அதிக காலமாகாத உதவி ஆசிரியன். விபத்து நடந்து இரண்டொரு நாளில் அதிகாரி ஒருவர் தொலைபேசியில் "விமானிதான் பிழை விட்டிருக்கிறார்" என்றார். செய்தியை எழுதினேன். தலைப்பையும் நானே இட்டேன்: 'விமானியின் தவறே காரணம்'. செய்தி ஆசிரியர் பார்த்துவிட்டு, "ஒரு கேள்விக்குறியைப் போடும் தம்பி" என்றார். அச்சுக்கோப்பாளரோ கேள்விக்குறி வைத்தால் தலைப்பு இரண்டு வரியாக உடையும், இடமில்லை என்றார். கேள்விக்குறி போயிற்று. மறுநாள் காலை, இறந்துபோய் வாய் திறக்க முடியாத மனிதர்கள் மீது நான் தீர்ப்பெழுதிய பத்திரிகை நாடெங்கும் விற்றது.

பின்னர் இலங்கையின் உத்தியோகபூர்வ விசாரணையும், தரையிறங்கும் ஒழுங்குமுறைகளை விமானிகள் பின்பற்றவில்லை என்றே கூறியது. ஆனால் ஐஸ்லாந்துத் தரப்பும் அமெரிக்கத் தரப்பும் வேறு விதமாகக் கூறின. தரையிறங்க வழிகாட்டும் விமானநிலையக் கருவிகளின் குறைபாட்டையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் பங்கையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். எது சரி என்று தீர்ப்புக் கூற இன்றும் நான் துணியமாட்டேன். அன்று துணிந்தேன் என்பதுதான் என் குற்றம். விமானநிலையத்தை நடத்துபவர்களின் நாடே விசாரணையையும் நடத்தும்போது முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று கேட்கும் புத்தி இருபத்து மூன்று வயதில் எனக்கு இருக்கவில்லை.

விமானிகள் தவறே விடுவதில்லை என்று நான் வாதிட வரவில்லை. 1974 டிசெம்பர் 4 ஆம் திகதி மஸ்கெலியாவுக்கு அருகே சப்த கன்னியர் மலையில் மோதி 191 உயிர்களைப் பலிகொண்ட டி.சி.8 விமானம், தான் இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்த விமானிகளால் நேரகாலத்தோடு கீழிறக்கப்பட்டதே. அவர்களும் இந்தோனேசிய யாத்திரிகர்களையே ஏற்றி வந்தனர். தவறு உண்டு. ஆனால், தவறு என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதே என் கேள்வி. அந்தக் கேள்விக்கு மக்ஸ் விமானத்தை விடச் சிறந்த உதாரணம் கிடையாது.

போயிங் 737 முதன்முதலில் பறந்தது 1967 ஏப்ரலில். அக்காலத்துச் சிறு விமான நிலையங்களில் ஏணியும் இல்லை, பொதி ஏற்றும் பொறிகளும் இல்லை. எனவே நிலத்தோடு ஒட்டிய, குட்டைக்கால் விமானமாக அதை அமைத்தனர். தொழிலாளி ஒருவர் நிலத்தில் நின்றபடி பொதிகளைக் கையால் தூக்கி ஏற்றலாம். அன்றைய ஜே.ரி.8டி இயந்திரம் ஒல்லியான குழாய் போன்றது. முகப்பிலுள்ள விசிறியின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மீற்றர்தான். அது சிறகுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு இருந்தது. அந்தக் காலத்துக்கு அது அழகான தீர்வு. இதை நான் ரசித்தே சொல்கிறேன்.

ஆனால் ஜெற் இயந்திரம் வளர்ந்த திசை வேறு. கொஞ்சக் காற்றை மிக வேகமாகப் பின்னால் தள்ளுவதை விட, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் குறைந்த எரிபொருளில் அதே உதைப்பைப் பெறலாம். சத்தமும் குறையும். ஆகவே முகப்பு விசிறி பெருத்துக்கொண்டே போயிற்று. 1984 இல் பறந்த 737-300 இற்கு 152 சென்ரிமீற்றர் விசிறி கொண்ட சி.எஃப்.எம்.56 இயந்திரத்தைப் பொருத்தியபோதே நிலம் இடித்தது. துணைக்கருவிகளை இயந்திரத்தின் அடியிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்தி, கூட்டின் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கினர். விமானநிலையத்தில் 737 இன் இயந்திர வாயைப் பார்த்தவர்கள் அது முழு வட்டமாக இல்லாமல், வாயில் பாக்கு அடக்கியவரின் கன்னம்போல் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். குட்டைக் கால்களின் விலை அது.

1987 இல் பறந்த எயார்பஸ் ஏ320 இற்கு அந்தப் பிரச்சினை இல்லை. அதன் கால்கள் நீளம். 2010 டிசெம்பரில் எயார்பஸ் நிறுவனம் அதே விமானத்துக்குப் புதிய பெரிய இயந்திரங்களைப் பொருத்தி நியோ என்று அறிவித்தது. 2011 ஜூலையில், நெடுங்காலம் போயிங்கின் வாடிக்கையாளராக இருந்த அமெரிக்கன் எயார்லைன்ஸ் 260 எயார்பஸ் விமானங்களுக்கு ஓடர் கொடுத்தது. போயிங் புதிய விமானம் ஒன்றை வரைவதா, நாற்பது ஆண்டுக்கு மேலான பழைய உடலுக்குப் புதிய இயந்திரம் மாட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மாதத்தில் யோசனை முடிந்தது. 2011 ஓகஸ்ட் இறுதியில் மக்ஸ் பிறந்தது.

அந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என் பைத்தியத்துக்கு நான் துரோகம் செய்தவனாவேன். லீப் என்ற அந்த இயந்திரத்தின் விசிறி அலகுகள் உலோகம் அல்ல. காபன் இழைகளை நெசவு நெய்வதுபோல் முப்பரிமாணத்தில் நெய்து, பிசினை ஏற்றிச் சுட்டு, காற்றை எதிர்கொள்ளும் விளிம்புக்கு டைட்டானியம் கவசம் இட்டவை. பதினெட்டே அலகுகள். உள்ளே, வெப்பம் மிகுந்த சுழலிப் பகுதியில் மட்பாண்ட இனத்தைச் சேர்ந்த கூட்டுப்பொருள் பயன்படுகிறது. இதே காபன் அலகுக் கனவைத்தான் றோல்ஸ் றொய்ஸ் 1960களின் பிற்பகுதியில் ஆர்.பி.211 இயந்திரத்துக்காகக் கண்டது. 1970 இல் பரிசோதனையில் அந்த அலகுகள்மீது கோழி ஒன்றைச் சுட்டெறிந்தபோது அவை நொறுங்கின. டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. செலவு தாங்காமல் 1971 பெப்ரவரியில் அந்தப் பெரும் நிறுவனமே வங்குரோத்தாகி அரசாங்கத்தின் கைக்குப் போனது. தோற்றது பொருள், விலை கொடுத்தது நிறுவனம். அக்கணக்கு நேர்மையானது. கோழி வென்றது என்றும் சொல்லலாம்.

மக்ஸ் விடயத்தில் பொருளும் தோற்கவில்லை, இயந்திரமும் தோற்கவில்லை. எயார்பஸ் நியோவுக்குச் செய்யப்பட்ட லீப் விசிறியின் குறுக்களவு 198 சென்ரிமீற்றர். மக்ஸின் கால்களுக்கு அது தாங்காது. 176 சென்ரிமீற்றராகக் குறைத்தார்கள். அப்படியும் இடம் போதவில்லை. மூக்குச் சக்கரத்தின் காலை இருபது சென்ரிமீற்றர் நீட்டி, இயந்திரத்தைச் சிறகுக்கு முன்னால் தள்ளி மேலே உயர்த்தினார்கள். அப்போது வேறொரு சிக்கல் எழுந்தது. விமானம் மூக்கை அதிகம் நிமிர்த்தும்போது, முன்னால் துருத்திய அந்தப் பெரிய இயந்திரக் கூடுகளே காற்றில் தூக்குவிசையை உண்டாக்கி மூக்கை மேலும் நிமிர்த்த முற்பட்டன. பழைய 737 ஐப் போலவே இதுவும் விமானியின் கையில் 'உணர'ப்பட வேண்டும் என்பது வியாபாரத்தின் தேவை. ஆகவே மூக்குத் தூக்கினால் தானாகவே வாலின் கிடைச்சிறகைத் திருப்பி மூக்கைக் கீழே தள்ளும் மென்பொருள் ஒன்றைச் சேர்த்தார்கள். அதுதான் எம்.சி.ஏ.எஸ்.

ஒரு பொறியியல் குறையைத் தீர்க்க மென்பொருளைப் பயன்படுத்துவதை நான் குறை கூறவில்லை. இன்றைய எந்த விமானமும் அப்படித்தான் பறக்கிறது. ஆனால் செய்த முறையைப் பாருங்கள். முதலில் அந்த மென்பொருள் வாலை ஒரு தடவைக்கு 0.6 பாகையே திருப்ப அனுமதி பெற்றிருந்தது. பின்னர் அதை 2.5 பாகை வரை உயர்த்தினார்கள். விமானத்தின் மூக்கருகே தாக்குகோணத்தை அளக்கும் உணரிகள் இரண்டு உள்ளன; இந்த மென்பொருளோ ஒரு பறப்பில் ஒன்றை மட்டுமே கேட்டது. அந்த ஒன்று பொய் சொன்னால், அதை மறுத்துச் சொல்ல ஆளில்லை. விமானி எதிர்த்து இழுத்துச் சரிசெய்தால், சில விநாடிகளில் மீண்டும் முதலிலிருந்து தள்ளத் தொடங்கும். இவை எல்லாவற்றிலும் கொடியது இது: அப்படியொரு பொறிமுறை இருப்பதே விமானிகளின் கைநூலில் எழுதப்படவில்லை.

ஏன் எழுதப்படவில்லை? எழுதினால் பயிற்சி வேண்டும். பயிற்சி என்றால் சிமியூலேற்றர். சிமியூலேற்றர் என்றால் வாங்குபவனுக்குச் செலவு. சிமியூலேற்றர் பயிற்சி தேவைப்படுமானால் விமானமொன்றுக்குப் பத்து இலட்சம் டொலர் வீதம் விலையைக் குறைப்பதாக போயிங் நிறுவனம் சவுத்வெஸ்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருந்ததை அமெரிக்க காங்கிரஸ் குழுவின் விசாரணை 2020 இல் அம்பலப்படுத்தியது. விமானிக்கு அறிவு கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு விலை குறிக்கப்பட்டிருந்தது. என் நண்பர் இந்த ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

2018 ஒக்டோபர் 29 காலை, ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் பதினொரு நிமிடமளவில் ஜாவாக் கடலில் வீழ்ந்தது. 189 பேர். தலைமை விமானி டில்லியைச் சேர்ந்த இந்தியர். அவர் கட்டுப்பாட்டைத் துணை விமானியிடம் கொடுப்பதற்கு முன், மென்பொருள் மூக்கைக் கீழே தள்ளிய இருபதுக்கு மேற்பட்ட தடவைகளிலும் அதை எதிர்த்து மேலே இழுத்திருந்தார். பெயர் தெரியாத, இருப்பதே தெரியாத ஒன்றுடன் அவர் மல்லுக்கட்டினார். ஐந்து மாதங்கூட ஆகவில்லை. 2019 மார்ச் 10 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து எழுந்த எதியோப்பிய விமானம் ஆறு நிமிடத்தில் நிலத்தில் புதைந்தது. 157 பேர்.

நண்பரின் கட்சிக்கும் நியாயம் பேச ஆள் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். அமெரிக்க காங்கிரஸ் விசாரணையிலேயே 2019 மே மாதத்தில் உறுப்பினர் ஒருவர், அமெரிக்காவில் பயின்ற விமானிகள் இதைச் சமாளித்திருப்பார்கள் என்ற பொருள்படப் பேசினார். விமானியும் தேர்ந்த எழுத்தாளருமான வில்லியம் லாங்கவீஷ, அதே ஆண்டு செப்டெம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையில் நீண்ட கட்டுரை எழுதி, விமானமோட்டும் திறமைக் குறைவே முதன்மையானது என்று வாதிட்டார். அவர்கள் காட்டும் சான்றுகள் பொய்யல்ல. எதியோப்பிய விமானிகள் இயந்திர உதைப்பைக் குறைக்காமலே விட்டிருந்தார்கள். லயன் எயாரின் பராமரிப்பு மோசம். இந்தோனேசிய விசாரணை அறிக்கையே அதை ஒளிக்காமல் சொன்னது. விபத்துக்கு முதல் நாள் அதே விமானம், அதே கோளாறுடன், பாலித்தீவிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பத்திரமாகச் சேர்ந்தது என்பதும் உண்மை.

அந்த முதல்நாள் கதையைத்தான் எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன். அன்று விமானி அறையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். கடமையில் இல்லாத விமானி, பின்னாசனத்தில் இருந்தவர். கைகள் ஓய்ந்திருந்ததால் அவருக்குப் பார்க்க நேரமிருந்தது. இரண்டு பேர் ஓட்டுவதாக விற்கப்பட்ட விமானத்தைக் காப்பாற்ற மூன்று பேர் தேவைப்பட்டது என்பது விமானத்துக்கு நற்சான்றா? ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கிய சல்லன்பெர்கரை விடத் திறமையான அமெரிக்க விமானியை எவரும் காட்ட முடியாது. அவர் இந்த விபத்துகளைச் சிமியூலேற்றரில் நடத்திப் பார்த்துவிட்டு, 2019 ஜூனில் காங்கிரஸ் குழுவின் முன் சொன்னது, என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும் நேரமும் உயரமும் போதாமல் போகக்கூடும் என்பதே.

எதியோப்பிய விமானிகள் திறமை குறைந்தவர்கள் என்கிறார்கள். முதல் விபத்தின் பின் போயிங் சொல்லிக்கொடுத்த ஆளிகளை அவர்கள் அணைத்தார்கள். மின்சாரம் போன பின் வாலைக் கைச்சில்லால் திருப்ப வேண்டும். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தத்தை மீறி அதை அசைக்க அவர்களால் முடியவில்லை. வேறு வழியின்றி மின்சாரத்தை மீண்டும் கொடுத்தார்கள், மென்பொருள் விழித்துக்கொண்டது. தலைமை விமானிக்கு எட்டாயிரம் மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பறப்பு அனுபவம் இருந்தது. வயது இருபத்தொன்பது.

இரண்டு விபத்துகளுக்கும் இடையில் வொஷிங்டனில் ஒரு கணக்கு போடப்பட்டிருந்தது. எதுவும் திருத்தாமல் விட்டால் இவ்வகை விமானங்களின் ஆயுட்காலத்தில் மேலும் பதினைந்து விபத்துகள் நேரலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சொந்த ஆய்வே 2018 டிசெம்பரில் மதிப்பிட்டது. விமானங்கள் நிறுத்தப்படவில்லை. மார்ச்சில் எதியோப்பியா நடந்தது. சீனாவும் மற்ற நாடுகளும் நிறுத்திய பின்னரே, மார்ச் 13 இல் அமெரிக்கா நிறுத்தியது. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் எவரும் மூன்றாம் உலகத்தில் பயின்றவர்கள் அல்லர்.

இது புதிய பழக்கம் அல்ல. உலகின் முதல் ஜெற் பயணிகள் விமானமான கொமெற், 1952 ஓகஸ்ட்டில் இலண்டனிலிருந்து கொழும்புக்கும் வரத்தொடங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் ரோம் நகரில் ஒரு கொமெற் எழும்ப மாட்டாமல் ஓடுபாதைக்கு அப்பால் போய் நின்றது. உயிர்ச்சேதமில்லை. மூக்கை அதிகம் தூக்கிவிட்டார் என்று விமானியைக் குற்றவாளியாக்கி, பழைய சரக்கு விமானம் ஓட்ட அனுப்பினார்கள். 1953 மார்ச்சில் கராச்சியில் அதேபோல் இன்னொன்று. இம்முறை விமானத்திலிருந்த 11 பேரும் இறந்தனர். மீண்டும் விமானியின் பிழை. பிறகு சத்தமில்லாமல் சிறகின் முன்விளிம்பின் வடிவத்தை மாற்றினார்கள். சிறகில் குறையில்லை என்றால் ஏன் மாற்றினார்கள்? மறு ஆண்டு இரண்டு கொமெற்கள் கடலுக்கு மேலே உயரத்தில் பறக்கும்போதே சிதறின. அங்கே விமானியைக் குற்றஞ்சாட்ட வழியில்லை. அப்போதுதான் முழு விமான உடலையும் ஃபார்ன்பரோவில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏறத்தாழ மூவாயிரம் பறப்புகளுக்குச் சமமான நிலையில் அலுமினியத் தோல் கிழிவதைக் கண்டுபிடித்தார்கள். உலோகச் சோர்வின் ஆபத்தை உலகம் பரவலாக உணர்ந்தது அதனால்தான்.

2023 இல் பிரட் அன்ட் விற்னி இயந்திரங்களின் சுழலித் தட்டுகள் செய்யப்பட்ட உலோகத்தூளில் மாசு கலந்திருந்தது தெரியவந்தபோது, நிறுவனமே அறிவித்தது. நூற்றுக்கணக்கான எயார்பஸ்கள் சோதனைக்காக நிறுத்தப்பட்டன. 2024 ஜனவரியில் அலாஸ்கா எயார்லைன்ஸ் மக்ஸ் ஒன்றின் கதவடைப்பு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனபோது, நான்கு ஆணிகள் மாட்டப்படாமலே விமானம் தொழிற்சாலையை விட்டு வந்தது தெரிந்தது. இந்த இரண்டிலும் உண்மை விரைவில் வெளிவந்ததற்குக் காரணம் எளிது. பழி போடுவதற்கு அங்கே செத்த விமானி எவரும் இல்லை.

2025 ஜூன் 12 இல் அகமதாபாத்தில் எயார் இந்தியா ட்ரீம்லைனர் விழுந்து 260 பேர் இறந்தபோதும் இதே நாடகம். ஜூலையில் வந்த பூர்வாங்க அறிக்கை, எரிபொருள் ஆளிகள் இரண்டும் ஒரு விநாடி இடைவெளியில் அணைந்த நிலைக்கு மாறின என்றும், ஏன் அணைத்தீர் என்று ஒருவர் கேட்க மற்றவர் தான் அணைக்கவில்லை என்றார் என்றும் சொன்னது. காரணம் இன்னதென்று அந்த அறிக்கை கூறவில்லை. பத்திரிகைகளோ அந்த வாரத்திலேயே தலைமை விமானியின் குடும்பக் கதை வரை போய்விட்டன. அங்கே விமானி குற்றமற்றவர் என்று நான் சாதிக்கவில்லை, குற்றவாளியாகவும் இருக்கலாம். ஆனால் 1978 இல் நான் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். அவர்களுக்குத் தலைப்பில் இடம் இல்லாமலும் இல்லை. கணினியில் கேள்விக்குறிக்கு இடம் தேட வேண்டியதில்லை.

2020 நவம்பரில் மக்ஸ் மீண்டும் பறக்க அனுமதிக்கப்பட்டது. இரண்டு உணரிகளையும் ஒப்பிட்ட பின்பே எம்.சி.ஏ.எஸ். இயங்கும்; ஒருமுறை மட்டுமே தள்ளும்; விமானி எதிர்த்து இழுத்தால் அவர் கையே வெல்லும். அவற்றோடு இன்னொரு நிபந்தனையும் விதிக்கப்பட்டது: இவ்விமானத்தை ஓட்டப்போகும் ஒவ்வொரு விமானியும், அமெரிக்காவில் பயின்றவர் உட்பட, முதலில் சிமியூலேற்றரில் பயிற்சி பெற வேண்டும். நண்பர் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். இதை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பப்போகிறேன். அவர் பதில் எழுதினால் வெட்டாமல் குறைக்காமல் இங்கே வெளியிடுவேன்.